800 என்ற கணக்குக்குள் இல்லாதது



எங்கட பிள்ளைகளின் போன் கிரிக்கெட்டில் ஒரு வீரர் ஓய்வுபெற்றால், திரையில் மிஞ்சுவது ஓட்டமும் விக்கெட்டும்தான். முரளிதரனையும் அப்படிச் சொல்லி முடிக்கலாம்: 133 டெஸ்ட், 800 விக்கெட்.

ஆனால் 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில், நடுவர் டெரல் ஹெயார் அவரது பந்துகளை ஏழு தடவை 'நோ போல்' என்றார். உலகமே பார்த்திருந்த அவமானம் அது. முரளி ஒதுங்கவில்லை, கையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து வீசினார்.

2010 ஜூலை, காலி மைதானம். இந்தியாவுடனான போட்டிக்கு முன்பே, இதுதான் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டார். அப்போது கையில் 792. எட்டு விக்கெட் கிடைக்காமலும் போயிருக்கலாம். இரண்டாம் நாளை மழை விழுங்கியது. இறுதியில், கடைசி ஆளான ஓஜாவின் விக்கெட்டோடு 800 நிறைந்தது.

தம்பலகாமத்தில் ஓய்வுபெறும் ஆசிரியர்களுக்குப் பிரியாவிடை மலர் எழுதும் தம்பி தங்கைமாரே, சேவை ஆண்டுகளோடு நிறுத்தாதீர்கள். அவர் எந்த நாளில் விலகிப் போயிருக்கலாம், ஏன் போகவில்லை என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள்.