குருதி கொடுத்த குடும்பங்கள்

வூடி கத்ரி என்னும் அமெரிக்க நாட்டுப் பாடகரின் பெயரை எமது வாசகருள் ஒரு சாரார் அறிந்திருப்பர். 1912ஆம் ஆண்டில் ஒக்கிலஹோமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர் அவர். முப்பதுகளின் புழுதிப் புயல்களால் நிலமிழந்து மேற்குத் திசை நோக்கிப் பெயர்ந்த ஏழைக் குடியானவரோடு தாமும் அலைந்து, அவர்தம் பசியையும் போராட்டங்களையும் பாடலாக்கினார். 1940இல் அவர் இயற்றிய 'திஸ் லாண்ட் இஸ் யுவர் லாண்ட்' என்னும் பாடலை அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பாடுகின்றனர். தனியுடைமையைக் கேள்விக்குள்ளாக்கும் அதன் பகுதியை மட்டும் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் வசதியாக மறந்துவிட்டன. அது வேறு கதை.

இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவரது பாடலன்று. அவரைக் கொன்ற நோயும், அந்நோய்க்குட்பட்ட குடும்பங்களுக்கென எழுந்த உதவி இயக்கங்களின் வரலாறுமே எமது பொருள். ஈவோர் மேலே நிற்பர், ஏற்போர் கீழே நிற்பர் என்றே தருமம் பற்றி நாம் எண்ணிப் பழகியுள்ளோம். இந்த வரலாற்றை நுணுகி நோக்கும்போது அவ்வெண்ணம் நிலைக்கவில்லை.

கத்ரியின் தாயார் நோராவை ஊரார் பைத்தியக்காரி என்றனர். கைகால்கள் தம்பாட்டில் அசைந்தன. காரணமின்றிச் சினம் மூண்டது. வீட்டிலே தீ விபத்துக்கள் நேர்ந்தன. 1927இல் அவர் மாநிலப் பைத்திய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு 1930இல் இறந்தார். மகனுக்கு நாற்பது வயது நெருங்கியபோது அவரது நடையும் தள்ளாடத் தொடங்கிற்று, பேச்சுக் குழறிற்று. குடியின் விளைவு என்றே பலரும் முடிவுகட்டினர். 1952ஆம் ஆண்டிலேதான் வைத்தியர்கள் நோயின் பெயரை உரைத்தனர்: ஹண்டிங்டன் நோய். அதன்பின் பதினைந்து ஆண்டுகள், பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே கழித்து, 1967 ஒக்டோபர் 3ஆந் திகதி ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் காலமானார்.

மூளையின் நரம்புக்கலங்களைப் படிப்படியாகச் சிதைக்கும் இந்நோய் பெரும்பாலும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதிலே தலைகாட்டுவது. உடல் கட்டுக்கடங்காது அசையும். விழுங்குவதும் பேசுவதும் கடினமாகும். சிந்தையும் சுபாவமும் திரியும். நோய் தொடங்கியபின் பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிர் தரித்திருப்போர் பலர். தாய் தந்தையரில் ஒருவருக்கு இருந்தாற் போதும், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்புண்டு. ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்ப்பதில்லை. நோய் வெளிப்படும் வேளையில் பிள்ளைகளும் பிறந்துவிட்டிருக்கும் என்பதே இதன் கொடுமை. கத்ரியின் முதல் மணத்திற் பிறந்த மகள்மார் இருவரும் நாற்பத்தொரு வயதிலே இந்நோய்க்கு இரையாயினர்.

கத்ரியை மணந்து பின்னர் மணவிலக்குப் பெற்றவர் மார்ஜரி. மார்த்தா கிரகாமின் புகழ்பெற்ற நடனக் குழுவிலே ஆடியவர், நடன ஆசிரியை. மணம் முறிந்தபின்னும் கத்ரியை அவர் கைவிடவில்லை. 1967இல் நியூயோர்க் பத்திரிகை ஒன்றிலே சிறு விளம்பரம் ஒன்றை அவர் வெளியிட்டார். இந்நோயுள்ள குடும்பங்கள் தம்மோடு தொடர்புகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே முன்வந்தன. அக்குடும்பங்களைக் கொண்டு அவர் ஓர் எதிர்ப்புக் குழுவை நிறுவினார். இன்றைய அமெரிக்க ஹண்டிங்டன் நோய்ச் சங்கத்தின் வித்து அதுவே.

ஏன் இத்துணைச் சிலரே முன்வந்தனர் என்பதை விளங்கிக்கொள்ள இன்னும் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

நியூயோர்க்கை அடுத்த லோங் தீவின் கிழக்கு முனையிலே ஈஸ்ட் ஹாம்ப்ரன் என்றோர் ஊருண்டு. 1806இல் அவ்வூர்ப் பெண் ஒருத்தி தன் தாய்க்கு வந்த நோய் தனக்கும் வந்ததையறிந்து கடலுள் நடந்து சென்று உயிர் நீத்தாள். அவ்வூரில் மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்த்த குடும்பத்திற் பிறந்தவர் ஜோர்ஜ் ஹண்டிங்டன். சிறுவனாயிருக்கையில் தந்தையோடு வண்டியிற் செல்லும்போது, உயர்ந்து மெலிந்த தாயும் மகளுமாக இரு பெண்கள் உடல் முறுக்கி முகங்கோணித் தெருவிலே சென்றதைக் கண்டவர். பாட்டனாரும் தந்தையும் குறித்து வைத்த அவதானங்களைத் துணைக்கொண்டு, 1872இல், இருபத்திரண்டு வயதிலே, சில பக்கங்களேயான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. நோயாளரை நேரிற் பார்த்துப் பழகிய அக்குடும்பத்தின் மூன்று தலைமுறை அறிவுக்குக் கிடைத்த புகழ் அது என்று கொள்வதே பொருந்தும்.

இந்த ஊரின் வரலாற்றை அலிஸ் வெக்ஸ்லர் என்னும் வரலாற்றாசிரியர் ஆய்ந்து 2008இல் நூலாக வெளியிட்டார். அவர் காட்டும் உண்மையொன்று எம்மைச் சிந்திக்க வைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈஸ்ட் ஹாம்ப்ரனிலே இக்குடும்பங்கள் ஒதுக்கப்பட்டவையல்ல. அயலாரோடு மணவுறவு கொண்டனர். ஊர்க் காரியங்களிற் பங்குபெற்றனர். நோயை அஞ்சினார்களேயன்றி நோயாளியை இகழவில்லை. இகழ்ச்சி பின்னரே வந்தது. அறியாமையால் வந்ததன்று அது; அறிவின் பெயரால் வந்தது.

1916இல் சாள்ஸ் டவென்போர்ட் என்னும் இனமேம்பாட்டுவாதி 962 நோயாளரைச் சில குடிவழிகளுக்குள் அடக்கிக் காட்டி ஒரு நூல் எழுதினார். முற்காலத்திலேயே இவர்களின் மூதாதையரை நாட்டுக்குள் விடாதிருந்தால், அல்லது இனம் பெருகாது தடுத்திருந்தால், எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்பது அவர் வாதத்தின் போக்கு. 1932இல் மற்றொரு வைத்தியர் இன்னுமொருபடி மேலே சென்றார். பழைய நியூ இங்கிலாந்திலே சூனியக்காரிகளென்று குற்றஞ்சாட்டப்பட்டோர் இக்குடிவழியினரே என்று அவர் எழுதினார். பின்வந்த ஆய்வாளர் அதனைப் பொய்யென நிறுவினர். எனினும் பாடநூல்களில் அப்பொய் பல பத்தாண்டுகள் குந்தியிருந்தது. அச்சேறிய அவதூறுக்கு ஆயுள் அதிகம்.

ஜேர்மனியில் இச்சிந்தனை சட்டமாயிற்று. 1933 யூலை 14ஆந் திகதி நாற்சிகள் இயற்றிய பரம்பரை நோய்த் தடுப்புச் சட்டத்திலே, கட்டாயமாக மலடாக்கப்பட வேண்டியோர் ஒன்பது வகையினராக வகுக்கப்பட்டனர். ஹண்டிங்டன் நோயாளர் அவ்வகைகளுள் ஒன்று. அச்சட்டத்தின்கீழ் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் மலடாக்கப்பட்டனர். 1940, 1941ஆம் ஆண்டுகளில் அதே அரசு வைத்தியசாலைகளிலிருந்த 70,000க்கு மேற்பட்ட நோயாளரை நச்சுவாயுவால் கொன்றது. தம் குடும்ப நோயைப் பதிவேட்டிலே எழுதிக்கொள்ள ஓர் உத்தியோகத்தர் வந்தால் மக்கள் கதவை ஏன் சாத்தினர் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கலியாணம் பேசுமிடத்துக் குடும்ப நோயை மறைப்பது எந்நாட்டிலும் காண்பதே. ஆயின் இங்கு மறைக்கத் தூண்டியது கலியாண பயம் மட்டுமன்று.

மார்ஜரி கத்ரி உடைத்தது இந்தக் கதவையே. அவர் ஊரூராய்ச் சென்றார்; வைத்தியக் கல்லூரிகளிலே பேசினார்; நோயாளரின் மனைவிமாரையும் பிள்ளைகளையும் ஒரே மேசையைச் சுற்றி அமரச் செய்தார். 1971இல் பிரித்தானியாவிலும் 1973இல் கனடாவிலும் அவ்வாறான சங்கங்கள் எழுந்தன. 1976இல் அமெரிக்கப் பேரவை இந்நோய் பற்றி ஓர் ஆணைக்குழுவை அமைத்தபோது அதற்கு அவரே தலைவரானார். பல நகரங்களிலும் நடந்த அதன் அமர்வுகளிலே குடும்பத்தினர் எழுந்து நின்று சாட்சியம் சொன்னார்கள். வேலையிழந்தது, பராமரிப்பு இல்லங்கள் வாசலிலேயே திருப்பியனுப்பியது, காப்புறுதி மறுக்கப்பட்டது எல்லாம் அப்போது அரச ஏட்டிலே பதிவாயின. இரக்கம் வேண்டி நின்றவரின் குரலாக நாம் அதனைக் கேட்கவில்லை.

இயக்கத்தின் மற்றைக் கிளை கலிபோர்ணியாவிலே தோன்றியது. மில்டன் வெக்ஸ்லர் என்னும் உளப்பகுப்பாளரின் முன்னாள் மனைவி லியோனோருக்கு 1968இல் இந்நோய் கண்டது. லியோனோர் உயிரியல் பயின்றவர். தந்தையையும் சகோதரர் மூவரையும் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். வெக்ஸ்லர் தம் மகள்மார் அலிஸ், நான்சி இருவரையும் அழைத்து உண்மையைச் சொன்னார்: ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. மேலே நாம் குறித்த வரலாற்றாசிரியரே இந்த அலிஸ். இருவரும் பிள்ளை பெறுவதில்லை எனத் தீர்மானித்தனர். தந்தை பரம்பரை நோய் மன்றத்தை அமைத்தார். நோயாளரைப் பராமரிப்பதோடு நில்லாது, இளம் விஞ்ஞானிகளைக் கூட்டிவைத்து நோயின் மூலத்தைத் தேடுமாறு தூண்டுவது அம்மன்றத்தின் வழியாயிற்று.

தேடல் அவர்களை வெனிசுவேலாவுக்கு இட்டுச் சென்றது. மரக்காய்போ ஏரி பெரும் எண்ணெய் வளம் உடையது. ஏரிநீரின் நடுவே நிரைநிரையாக எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள். கரையிலே வறிய மீனவர் குடிசைகள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கோ நெக்ரெத்தே என்னும் வெனிசுவேல இளம் வைத்தியர் சான் லூயிஸ் என்னும் சேரியில் தள்ளாடித் திரிந்தோரைக் குடிகாரரென்றே முதலில் எண்ணினார். ஊர் மக்களே அவரைத் திருத்தினர். 1955இல் அவர் தம் நூலை வெளியிட்டார். அம்மக்கள் இந்நோயை 'எல் மால்' என்பர். கேடு என்பது அதன் பொருள். உலகில் வேறெங்கும் இத்துணை நோயாளர் ஓரிடத்திற் செறிந்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணின் வழியினர் அவர்களுட் பெரும்பாலோர்.

1979இல் நான்சி வெக்ஸ்லர் முதன்முதல் அங்கு சென்றார். 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழுவை அழைத்துச் சென்றார். பத்துத் தலைமுறைகளும் 18,000க்கு மேற்பட்டோரும் அடங்கிய குடிவழிப் பட்டியல் உருவாயிற்று; 4,000க்கு மேற்பட்டோர் குருதி கொடுத்தனர். பத்தும் பன்னிரண்டுமாகப் பிள்ளைகள் பெற்ற பெரிய குடும்பங்கள் பரம்பரையலகு ஆராய்ச்சிக்கு வாய்ப்பானவை. வேறுவிதமாகச் சொன்னால், அம்மக்களின் வறுமையும் தனிமையுமே விஞ்ஞானத்துக்குப் பேறாயின.

ஊசியை அஞ்சிய மக்களை நான்சி எவ்வாறு இணக்கினார் என்பது நினைவுகூரத்தக்கது. தம் தாய்க்கும் இதே நோய் என்றார். தம் தோலிலிருந்தும் ஆய்வுக்குத் துண்டெடுத்த தழும்பைக் காட்டினார். உடனிருந்த உள்ளூர்த் தாதி அவர் கையைப் பிடித்து உயர்த்தி, இவருக்கும் அந்த அடையாளம் உண்டெனக் கூட்டத்தைச் சுற்றிக் காட்டினாராம். அதுவரை வந்துபோன வெள்ளை அங்கிக்காரர் எவரிடமும் காணாத ஒன்றை அம்மீனவர் அத்தழும்பிலே கண்டிருக்க வேண்டும்.

குருதி பொஸ்டன் நகருக்கு விமானத்திற் சென்றது. 1983 நவம்பரில் ஜேம்ஸ் குசெல்லாவும் குழுவினரும் அந்நோய்க்குரிய அடையாளம் நான்காம் நிறமூர்த்தத்தில் உள்ளதென அறிவித்தனர். பல்லாண்டுகள் செல்லும் என்றிருந்த வேலை இத்துணை விரைவில் முடிந்தது கண்டு விஞ்ஞானிகளே வியந்தனர். மார்ஜரி கத்ரி அதே ஆண்டு மார்ச்சில் இறந்துவிட்டார். பின்னும் பத்தாண்டுகள் உழைத்து, 1993இல், ஆறு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து பரம்பரையலகையே கண்டுபிடித்தன. அதன்பின், நோய் வருமா வராதா என்பதை ஒரு துளிக் குருதியால் அறிய முடிந்தது. அறிந்தபின் செய்வதற்கு என்ன உண்டு என்ற கேள்வி அப்படியே நின்றது. நோயைத் தடுக்கும் மருந்து இன்னும் வைத்தியர் கையில் இல்லை. சோதனை முடிவை எவர் கையில் ஒப்படைப்பது என்பதும் சிக்கலாயிற்று. 2008இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் பரம்பரையலகைக் காட்டி வேலையும் வைத்தியக் காப்புறுதியும் மறுப்பதைத் தடுத்தது. ஆயுட் காப்புறுதியையும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியையும் அது தொடவில்லை. இக்குடும்பங்களுக்கு மிக வேண்டியன அவ்விரண்டுமே.

நான்சியின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. 2020இல் தமக்கும் இந்நோய் வந்துவிட்டதென அவரே வெளிப்படையாக அறிவித்தார். அவரது குழுவினர் ஆண்டுதோறும் ஏரிக்கரையில் வைத்தியமும் பார்த்தனர். 1999இல் அவரது மன்றத்தின் உதவியோடு மரக்காய்போவிலே 'அன்பும் நம்பிக்கையும்' என்னும் பெயருடைய பராமரிப்பு இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. படுக்கையிலே கிடந்தோர் அங்கு ஊட்டப்பட்டனர், கழுவப்பட்டனர். ஆனால் கணக்கைப் பாருங்கள்: முதற் குருதிக்கும் முதற் கட்டிலுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். அந்த இல்லமும் பின்னாளில் நிதியின்றி மூடப்பட்டது. ஆராய்ச்சிக்கு நன்கொடை சேர்ந்தது. ஆராய்ச்சிக்குக் கைநீட்டியவரின் முதுமைக்கு அது போதவில்லை. தனியார் ஈகையை மாத்திரம் நம்பியிருப்பதன் குறை இதுவெனவே நாம் கருதுகின்றோம். கொடுப்பவர் மனம் நல்லதாயிருந்தாலும் கொடை ஒருநாள் நின்றுவிடும். எண்ணெய்ச் செல்வம் பெருகிய காலத்திலும் அந்நாட்டரசு அந்தக் கரையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

2017 மே 18ஆந் திகதி தென்னமெரிக்கக் குடும்பங்கள் பல உரோமாபுரிக்கு அழைக்கப்பட்டன. பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களை ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டார். இனி ஒளிந்திருக்க வேண்டியதில்லை என்பது அந்நிகழ்வின் முழக்கம். அப்போது வெனிசுவேலாவின் பொருளாதாரம் சரிந்து, வைத்தியசாலைகளிலே மருந்தில்லை, கடைகளிலே மாவில்லை. ஓயாது அசையும் உடல் பெருமளவு சக்தியை எரிப்பதால், இந்நோயாளர் மெலியாதிருக்கச் சுகதேகி ஒருவரினும் மிகுதியான உணவு வேண்டும். இன்று ஏரிக்கரைக்குச் செல்லும் 'ஃபாக்டர்-எச்' என்னும் சிறு தொண்டு நிறுவனத்தார் கொண்டுசெல்லும் பொதிகளிலே முதலிடம் பெறுவது புதிய மருந்தன்று, உணவே. குடிவழிப் பட்டியலிலே எண்ணாகக் குறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அப்பொதிகளை வாங்க வரிசையில் நிற்கின்றனர்.