தேயிலைப் பெட்டியும் பிரித்தானியப் பாட்டும்

கண்டி நகரிலும் அதனை அடுத்த கட்டுகஸ்தோட்டையிலும் இன்று திருமண வரவேற்பு, பிறந்தநாள் விழா, அலுவலக ஒன்றுகூடல் என எது நிகழினும் அங்கே கரோக்கிக்கு ஓர் இடமுண்டு. வாத்தியங்கள் ஒலிக்கும், பாடகரின் குரல் மாத்திரம் இராது. திரையில் வரிகள் ஓட, விரும்பியவர் ஒலிவாங்கியைப் பற்றிப் பாடுவர். தமிழ்த் திரைப்பாடலும் சிங்களப் பைலாவும் முழங்கும் அதே மேடையில் பீற்றில்ஸ், குவீன், ஒயேசிஸ் முதலிய பிரித்தானிய ரொக் இசைக் குழுவினரின் பாடல்களும் தவறாமல் இடம்பெறுகின்றன.

இதனை ஒரு சாரார் அந்நிய மோகம் என்று பழிக்கின்றனர். மற்றொரு சாரார் நாகரிகத்தின் அடையாளம் என்று போற்றுகின்றனர். ஆயின், இப்பாடல்களுக்கும் நமது மலைநாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கருதுவதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். அக்கருத்துப் பிழையானது என்பதே வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியாவை எண்ணிப் பார்ப்போம். 1954 வரை அங்கே உணவுப் பங்கீடு நீடித்தது. தொழிலாளர் வீட்டு இளைஞனுக்கு இசைக்கருவி எட்டாக் கனியாகவே இருந்தது. அந்நிலையில், 1956இன் தொடக்கத்தில், லொனி டொனகன் என்னும் பாடகரின் 'றொக் ஐலன்ட் லைன்' என்ற இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்திலே கறுப்பினப் புகையிரதத் தொழிலாளரிடையே வழங்கி, சிறைக்கைதிகளிடம் பரவிய பாடல் அது. 1934இல் ஜோன் லோமக்ஸ் அதனை அங்குள்ள சிறைப் பண்ணையொன்றில் ஒலிப்பதிவு செய்தார். அவருடன் சென்ற லெட் பெலி என்னும் கறுப்பினப் பாடகர் அதனைக் கற்றுப் பாடிப் புகழ்பெறச் செய்தார். அடிமைகளின் சந்ததியார் பாடிய பாட்டு இங்ஙனம் கடல் கடந்து வந்து பிரித்தானிய இளைஞரைப் பற்றிக்கொண்டது.

டொனகனின் பாணியை 'ஸ்கிஃபில்' என்றனர். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. மலிவான கிட்டார் ஒன்று, துணி தோய்க்கும் நெளிதகட்டுப் பலகை ஒன்று. ஆழ்ந்த சுருதிக்கோ ஒரு தேயிலைப் பெட்டி. வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஒரு தும்புத்தடிக் கம்பை நிறுத்தி, இரண்டுக்கும் இடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவர். கம்பைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் விரலால் மீட்டினால் பெட்டி அதிர்ந்து குமுறும். பல்லாயிரம் சிறு குழுக்கள் இவ்வகையில் தோன்றின. லிவர்ப்பூல் நகரில் ஜோன் லெனன் என்ற பள்ளி மாணவர் 1956இல் அமைத்த 'குவோரிமென்' என்ற குழுவும் அவற்றுள் ஒன்று. அக்குழுவிலும் தேயிலைப் பெட்டி வாசிக்கப்பட்டது. 1957 ஜூலை 6ஆம் நாள் தேவாலய விழாவொன்றில் அக்குழு பாடியபோதே போல் மக்கார்ட்னி லெனனைச் சந்தித்தார். பீற்றில்ஸ் குழுவின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தப் பெட்டிகள் எங்கிருந்து சென்றவை? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தேயிலையைச் சுமந்து சென்றவை அவை. கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்த பின்னர் மலைநாடெங்கும் தேயிலை பரந்தது. 1880இல் மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடக்கும் இருப்புப்பாதைப் பாலம் அப்பாதைக்கு உரியது. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் காடுகளினூடே நடந்து, வழியிலே பசியாலும் நோயாலும் மாண்டவர் போக எஞ்சிய தமிழ்க் கூலிகள் கண்டிக்கு வந்ததும் இத்திசையிலிருந்துதான். மனிதர் நடந்து வந்த வழியிலே பின்னர் தேயிலைப் பெட்டிகள் புகைவண்டியில் துறைமுகம் நோக்கிச் சென்றன.

பெட்டியை நிரப்பியவர் யார்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்களும், 'ஸ்டோர்' என்று தோட்டத்து மக்கள் வழங்கும் தொழிற்சாலையில் அதனை உலர்த்தி, அரைத்து, சலித்து, ஈயத்தாள் பதித்த பெட்டிகளில் அடைத்த ஆண்களுமே. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் ஒப்பந்தம் செய்தபோது 9,75,000 பேர் கணக்கிடப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிடப்பட்டனர். எஞ்சியோரின் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. பீற்றில்ஸ் உலகப் புகழ் எய்திய ஆண்டும் அதுவே. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெட்டி உலக இசையில் இடம்பெற்றது. பெட்டியை நிரப்பியவனுக்கோ ஒரு நாட்டில்கூட இடமில்லை!

ஆசிரியராகிய நாம் இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. பேருந்துச் சாரதியின் மகனான ஜோர்ஜ் ஹரிசனும், பருத்தி விற்பனையாளரின் மகனான மக்கார்ட்னியும் நல்ல பள்ளியிலே பயின்றது அதனால்தான். இலங்கையிலும் 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆயின், தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அவை அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. லயத்துப் பிள்ளையிடம் இசைத்திறன் இல்லாமலா போயிற்று? வாய்ப்பு இல்லாமற் போயிற்று.

இனி அப்பாடல்களையே நோக்குவோம். 1968இல் வந்த 'ஹே ஜூட்' 7 நிமிடத்துக்கு மேல் நீள்வது. அதன் பிற்பாதி முழுவதும் பொருளற்ற ஓர் அசையைக் கூட்டமாகத் திரும்பத் திரும்பப் பாடுவதே. நமது 'தன்னானே' செய்யும் வேலை அதுவன்றி வேறென்ன? மொழி அறியாதவனும் அதில் சேர்ந்துகொள்ள முடிகிறது. குவீன் குழுவினரின் 'வீ வில் றொக் யூ' 1977இல் வெளியானது. இரண்டு முறை காலால் தட்டி ஒரு முறை கைதட்டும் அதன் தாளம் சபையோரையும் சேர்த்துக்கொள்ளவென்றே அமைந்தது. அக்குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி ஸன்ஸிபாரில் பிறந்த பார்சி. இந்தியாவின் பஞ்சகனியில் கல்வி கற்று, 1964இன் புரட்சிக்குப்பின் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தவர். 1979இல் பிங்க் ஃபுளொயிட் குழுவினர் கெடுபிடிக் கல்வியைக் கண்டித்துப் பாடிய பாடலில் இலண்டன் பள்ளி மாணவர்களும் குரல் கொடுத்தனர். அடுத்த ஆண்டே தென்னாபிரிக்க மாணவர்கள் நிறவெறிக் கல்விக்கு எதிராக அதனை முழங்க, அவ்வரசு பாட்டைத் தடைசெய்தது. வெறும் களியாட்டம் என்று தள்ளிவிடக்கூடியனவா இவை?

கரோக்கியின் பிறப்பும் எளியதே. 'வெற்று வாத்தியக்குழு' என்பது அச்சொல்லின் பொருள். ஜப்பானின் கோபே நகரில் இசைக்கலைஞர் டைசுகே இனோவே 1971இல் அத்தகைய பொறியொன்றை அமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பாடகனுக்குரிய இடத்தைப் பொறி வெறுமையாக விட்டது; கேட்போன் எழுந்து அதனை நிரப்பினான்.

ஆனால், அந்த வெற்றிடத்தை நாம் யாருடைய சொல்லால் நிரப்புகிறோம்? நம் மலைநாட்டு மக்கள் இதற்கு முன்பே ஒரு விடை கண்டிருக்கின்றனர். 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களிலே பாடித் தொழிலாளரைத் திரட்டியவர். மக்கள் நன்கறிந்த மெட்டுகளில் தோட்டத்துத் துயரத்தையும் உரிமைக் குரலையும் அவர் பொருத்தினார். மெட்டு பிறருடையது; சொல் நம்முடையது. சி. வி. வேலுப்பிள்ளையோ தொழிலாளர் வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடித் தொகுத்தார். பின்னர், நித்தி கனகரத்தினம் போன்றோர் மேலைத்தேயக் கிட்டாரையும் பைலாவின் துள்ளலையும் ஈழத்துப் பேச்சுத் தமிழோடு இணைத்துப் பொப்பிசைப் பாடல்களைத் தந்தனர்.

ஆகவே நம் மாணவர் ஆங்கிலப் பாட்டுப் பாடக் கூடாது என்பதல்ல நமது கட்சி. உரக்கப் பாடட்டும்; பாடுவது யாருடைய பாட்டு, எந்த வழியாக வந்தது என்று அறிந்து பாடட்டும். நம்மை வருத்துவது வேறொன்று. 'ஹே ஜூட்' பாடும்போது நிமிர்ந்து நிற்கும் அதே மாணவன், தன் பாட்டியின் கொழுந்துப் பாட்டையோ காமன் கூத்துப் பாட்டையோ சபையில் பாடக் கூசுகின்றான். லிவர்ப்பூல் இளைஞன் தேயிலைப் பெட்டியைத் தட்டக் கூசவில்லை, இல்லாமையையே கருவியாக்கினான். பெட்டியைத் தந்தவனின் பேரப்பிள்ளைக்கு மட்டும் ஏன் இக்கூச்சம்?

இக்கூச்சத்தைப் போக்குவது பள்ளியின் கடமை. முதியோர் நினைவிலுள்ள பாடல்களை மாணவரைக்கொண்டே ஒலிப்பதிவு செய்யலாம். தப்பின் தாளத்தோடு இசையமைத்து, பாடகரின் இடத்தை வெறுமையாக விடலாம். கைத்தொலைபேசி உள்ள எந்த வகுப்பிலும் இது இயலும். அந்த இடத்தில் எழுந்து நின்று பாட ஒரு பிள்ளை முன்வருமாயின், நம் மேடைகளில் இரு பாட்டுகளும் சம உரிமையோடு ஒலிக்கும்.