எதிர்க்காதது சம்மதமா?

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவு, பெண்ணின் சம்மதமின்றி நடக்கும் உறவை வன்புணர்வு என்று வகுத்தது. உயிருக்கோ காயத்துக்கோ அஞ்சித் தரும் சம்மதமும் செல்லாது. அவள் போராடியிருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அந்த நிபந்தனையைச் சேர்த்தவை நீதிமன்றங்களே. உடலில் கீறல் இல்லை, ஆடை கிழியவில்லை, கூச்சல் கேட்கவில்லை என்றால் அவள் சம்மதித்திருப்பாள் என்று கொள்வது வழக்கமாயிற்று. போதாக்குறைக்கு, 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு, புகார் சொன்ன பெண்ணை ஒழுக்கங்கெட்டவளாகக் காட்டி அவளது சாட்சியத்தைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சம்மதம் பற்றிய பெரிய விவாதம் வயதைச் சுற்றியே நடந்தது. 1860-இல் வரம்பு 10 வயது. கல்கத்தாவில் அந்த வயதைக் கடந்திருந்த ஒரு சிறுமி, கணவன் உறவு கொண்டதால் இறந்தாள். அவன்மேல் வன்புணர்வுக் குற்றம் சுமத்தச் சட்டத்தில் வழியில்லை. திலகர் போன்றோரின் எதிர்ப்பை மீறி 1891-இல் வரம்பு 12 ஆனது. பின்னர் படிப்படியாக 16 வரை உயர்ந்து, 2012-இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தால், 18-ஐ எட்டியது.

வயதைத் தாண்டி, சம்மதம் என்றால் என்ன என்ற கேள்வியைக் கிளப்பியது 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் நடந்த கொடுமை. விசாரணைக்கு அழைத்து வரப்பட்டிருந்த ஆதிவாசி இளம்பெண் ஒருத்தியைக் காவலர்கள் சீரழித்தனர். அவள் உறவுக்குப் பழகியவள் என்று கூறி அமர்வு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தண்டித்தது: அச்சத்தால் பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்றது. ஆனால் 1978-இல் உச்ச நீதிமன்றம், காயமும் கூச்சலும் இல்லாததைச் சுட்டி, காவலர்களை மீண்டும் விடுதலை செய்தது. இரவு நேரத்தில், காவல் நிலையத்துக்குள், ஒரு கூலிக்காரப் பெண் யாரிடம் கூச்சலிட்டிருக்க முடியும் என்பது அந்தத் தீர்ப்பில் பொருட்படுத்தப்படவில்லை.

1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். பணிதலையும் சம்மதத்தையும் குழப்பலாகாது என்பதே அதன் சாரம். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. தீர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது. 1983-இல் சாட்சியச் சட்டத்தில் சேர்ந்த 114ஏ பிரிவின்படி, காவலில் உறவு நடந்தது நிரூபணமாகி, சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதை உண்மையென்றே அனுமானிக்க வேண்டும். நடத்தையைக் குடையும் 155-ஆம் பிரிவின் உட்பிரிவு 2003-இல்தான் நீங்கியது.

2012-இல் டெல்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பின், சட்டத்தைச் சீராய அமைந்த வர்மா குழு 29 நாளில் அறிக்கை தந்தது. 2013 திருத்தம் சம்மதத்துக்கு முதன்முறையாக விளக்கம் எழுதியது: ஐயத்துக்கு இடமின்றி, தன் விருப்பத்தோடு, சொல்லாலோ சைகையாலோ தெரிவிக்கும் உடன்பாடு அது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது.

பள்ளிகள் சட்டத்துக்குப் பின்தங்கியே நடந்தன. வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று 2007-இல் பல மாநிலங்கள் நிறுத்தின. வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடம் வேண்டும் என்று போக்சோ விதிகள் வலியுறுத்தியது 2020-இல். அந்தப் பாடமும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று தற்காப்பையே பெரும்பாலும் சொல்கிறது. மற்றவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டிய கடமை ஓரமாய் நிற்கிறது.

மணவாழ்வில் மட்டும், மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வாகாது என்ற பழைய விலக்கு நீடிக்கிறது. 18 வயதுக்குட்பட்ட மனைவிக்கு அது பொருந்தாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, வயது வந்த மனைவியைப் பொறுத்தவரை அந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது.