ஏடு புரட்டியவர், எல்லை பேசியவர்

1912 டிசம்பர். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில், முதல் பால்கன் போரில் அடிவாங்கிய துருக்கியரோடு சமாதானப் பேச்சு. செர்பியக் குழுவுக்குத் தலைவர் எழுபது வயது ஸ்டோயான் நோவாகோவிச். துருக்கியர் பால்கனுக்குள் நுழைந்த கதையை 1893லேயே புத்தகமாக எழுதியவர். அவர்கள் வெளியேறும் கணக்கைப் பேசவும் அவரையே அனுப்பினார்கள்.

ஷாபட்ஸ் என்ற ஊரில் 1842ல் பிறந்தார். பெல்கிரேடு தேசிய நூலகத்தில் வேலை. 14ஆம் நூற்றாண்டுச் செர்பியப் பேரரசன் துஷானின் சட்டத்தொகுப்பை 1870ல் பதிப்பித்தார். அதற்குள் அரசியல் இழுத்துக்கொண்டது. 1873ல் கல்வி அமைச்சர். பிற்பாடு மறுபடி அதே பதவிக்கு வந்தபோது, 1882ல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

1886ல் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் தூதராகப் போனார். செர்பியா கண்வைத்திருந்த மாசிடோனியா அப்போது துருக்கியர் வசம். பல்கேரியப் பள்ளிகளும் தேவாலயங்களும் அங்கே வேரூன்றிவிட்டிருந்தன. அந்த மக்களிடம் போய், 'நீங்கள் செர்பியர்கள்' என்றால் எடுபடாது என்பது இவருக்குத் தெரியும். எனவே முள்ளை முள்ளால் எடுக்கப் பார்த்தார். மாசிடோனியர் என்ற தனி உணர்வுக்குத் தண்ணீர் ஊற்றினால் பல்கேரியப் பிடி தளரும் என்று 1888ல் தம் நாட்டுக் கல்வி அமைச்சருக்கு எழுதினார். அந்த மக்கள் பேச்சையும் வரலாற்றையும் கரைத்துக் குடித்த அறிஞர், அதே அறிவைக் காய் நகர்த்தப் பயன்படுத்தினார். திறமைதான், ஆனால் நேர்மையான திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தனி உணர்வு செர்பியாவுக்கும் கட்டுப்படாமல் பிற்காலத்தில் தனி நாடாகவே நின்றது வேறு கதை.

இரண்டு முறை பிரதமரானார். முதல்முறை 1895ல். இரண்டாவது, 1909ல். போஸ்னியாவை ஆஸ்திரியா-ஹங்கேரி விழுங்கிவிட்ட நெருக்கடி. ஒன்றையொன்று கடித்துக் குதறிய கட்சிகள் எல்லாம் சேர்ந்து அமைத்த அரசுக்கு இவரைத் தலைவராக்கின. ஆனாலும் மார்ச் மாதமே வல்லரசுகளின் நெருக்குதலுக்குப் பணிந்து, இணைப்பை ஏற்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் பதவி போனது. அறிஞர்கள் அமைப்பான செர்பிய அரச கழகத்தின் தலைவர் நாற்காலி மட்டும் 1906லிருந்து சாகும்வரை அவரிடமே இருந்தது.

முதல் உலகப்போரின் நடுவே, 1915ல், போர்க்காலத் தலைநகரான நீஷில் இறந்தார்.

இவர் எழுதியதில் விசித்திரமானது 1911ல் வெளியான 'நூறாண்டுக்குப் பின்' என்ற கட்டுரை. பழங்காலத்தையே தோண்டியவர், 2011ஆம் ஆண்டு பெல்கிரேடிலிருந்து எழுதுவதுபோல் எதிர்காலத்தைக் கற்பனை செய்தார்: தெற்கு ஸ்லாவியர் ஒரே நாடாகிவிட்டார்கள். அப்படியொரு நாடு 1918ல் பிறக்கவும் செய்தது. நிஜமான 2011 வந்தபோது யூகோஸ்லாவியா சிதறி முடிந்திருந்தது. கடைசிவரை கூட இருந்த மாண்டினீக்ரோவும் பிரிந்துபோய் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.