அக்கராயனும் நோயாளர் பதிவேடும்: ஒரு வரலாற்று நோக்கு

வைத்தியசாலைப் பதிவேடு வெறும் அலுவலகத் தாளன்று. எவர் கணக்கிற் சேர்க்கப்பட்டனர், எவர் விடுபட்டனர் என்பதைக் காட்டுவதால் அது சமூக வரலாற்றுச் சான்றுமாகும். கிளிநொச்சி மாவட்டத்து அக்கராயனை முன்னிறுத்தி இதனை ஈண்டு நோக்குவோம்.

குளத்தை அண்டி நெல் விளைவித்த வன்னிக் குடியானவரின் வாழ்வோடு மலேரியா நெடுங்காலம் பிணைந்திருந்தது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்தமை முக்கிய காரணங்களுள் ஒன்றாக, 1967–69 காலப்பகுதியில் நோயாளர் தொகை இலட்சக்கணக்கில் உயர்ந்தது. பிற்காலத்தில் ஒவ்வொரு நோயாளரையும் தனித்தனியே பதிந்து பின்தொடரும் முறை வலுப்பெற்றது. 2016இல் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. மருந்தோடு பதிவும் சேர்ந்தே நோயை வென்றது எனலாம்.

போர் இத்தொடர்ச்சியை அறுத்தது. 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமானபோது அதன் வைத்தியசாலை அக்கராயனுக்குப் பெயர்ந்து இயங்கியது. 2008இல் அக்கராயன் மக்களே கிழக்கு நோக்கி இடம்பெயர நேர்ந்தது. நோயாளரையும் மருந்தையும் ஏற்றிச் செல்லும் வண்டியில் அலுமாரி நிறைந்த கோப்புகளுக்கு இடமேது? இத்தகைய வேளையில் எஞ்சக்கூடியது நோயாளர் தம் கையில் வைத்திருக்கும் கிளினிக் கொப்பி ஒன்றே. அது மக்களின் காவலிலுள்ள பதிவு. ஆயின் மழையில் நனைந்தாலோ வழியில் தவறினாலோ, நீரிழிவாளர் ஒருவரின் பல்லாண்டு மருத்துவ வரலாறும் அதனோடு அழியும்.

இலத்திரனியல் பதிவின் பெறுமதியை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். ஒருவருக்கு ஒரே சுகாதார இலக்கம் வழங்கப்பட்டு, வைத்தியசாலைகள் தம்முள் இணைக்கப்படுமாயின், அக்கராயனில் எழுதப்பட்ட மருந்தை யாழ்ப்பாணத்து மருத்துவர் உடன் காண்பார். ஒவ்வாத மருந்து தவிர்க்கப்படும். செய்த இரத்தப் பரிசோதனையை மீளச் செய்யும் செலவு குறையும். கோப்புத் தேடும் நேரம் நோயாளரைக் கவனிக்கும் நேரமாக மாறும். தவணைக்கு வாராத கர்ப்பிணியை அடையாளங்கண்டு குடும்பநல உத்தியோகத்தரை அனுப்புவதும் எளிதாகும். 2020இல் கோவிட் பரவத் தொடங்கியபோது, வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்க இலங்கை இலத்திரனியல் முறையொன்றை விரைந்து அமைத்தமை இத்துறையில் உள்நாட்டு ஆற்றல் உண்டென்பதற்குச் சான்று.

எனினும் கருவி தானாக நீதி வழங்காது. மின்சாரம் தடைப்பட்டால் மாற்றுவழி வேண்டும். ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுவதால் ஒருவரே இருவராகப் பதியப்படக்கூடும். ஆகவே தமிழிற் பதியும் வசதி சலுகையன்று, சிகிச்சையின் தேவையாகும். பதிவு வேலை தாதியரின் சுமையாக மட்டும் அமையுமாயின் பயனில்லை. போரின்போது பெயர்ப்பட்டியலுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களிடம் தகவல் கோருகையில், அதனை எவர் பார்ப்பர் என்பதையும் தெளிவுறுத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கொரு தொடக்கமே.

ஆகவே, கணினி வந்துவிட்டதா என்பதன்று நம் வினா. மீண்டும் ஒரு பேரிடர் நேரின், அக்கராயன் விவசாயியின் நோய் வரலாறு அவரோடு கூடவே செல்லுமா என்பதே அளவுகோல்.