வழி கேட்காதவர்கள்

ஓடைப்பட்டியில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. திராட்சைத் தோட்டக்காரர். ஒரு சமயம் அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, சாயங்காலம், பந்தல்களுக்குத் தெற்கே தெரிந்த கரட்டைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "பையனைக் கூட அனுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். நாற்பது வயதுக்கு மேல் வருகிற வீம்புகளில் அதுவும் ஒன்று.

சின்னமனூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே திசை தவறுவது கஷ்டம். தெற்கே மேகமலை மதில் கட்டினாற்போல் நிற்கிறது. ஆனால் திசை தெரிந்தால் வழி தெரிந்துவிடாது என்பது, கரட்டின் மறுபக்கம் இறங்கிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. ஆட்டுத் தடம் ஒன்றை நம்பி நடந்தேன். அது ஒரு முள்மரத்தடியில் போய் நின்றுவிட்டது. வேறொன்றைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. ஆடுகளுக்கு எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரம் இல்லை போலும். வெளிச்சம் வேறு குறைந்துகொண்டு வந்தது.

நல்லவேளையாக ஆடுகளோடு ஒரு பெரியவர் எதிர்ப்பட்டார்.

"யாரு வீட்டுக்குத் தம்பி வந்தீக?"

எங்கே போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. யார் வீடு என்றுதான் கேட்டார். சொன்னேன். "இந்த ஓடையப் பிடிச்சு வடக்க போங்க. ஒத்தப் புளி வரும். அங்கிட்டு நாய் குரைக்கும். பயப்படாதீக, அதுதான் ஊரு."

ஒற்றைப் புளி வந்தது. நாயும் சொன்னபடி குரைத்தது. வீட்டுக்கு வந்து தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இந்தப் பிரதாபத்தைச் சொன்னபோது சிநேகிதர் சிரித்தார். அவருடைய பையன் மட்டும், "இதையே பந்தயமாக வைத்து ஓடுகிற தேசங்கள் இருக்கின்றனவாமே, சார்?" என்றான். கல்லூரியில் படிக்கிறவன். அவனுக்கு அன்றிரவு சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஓரியன்டீரிங் என்று அதற்குப் பெயர். வழி தேடும் பந்தயம் என்று நாம் வைத்துக்கொள்வோம். கையில் ஒரு படமும் காம்பஸும் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். எங்கோ ஒரு பாறையின் பின்னால், எங்கோ ஒரு ஓடை பிரிகிற இடத்தில், சின்னக் கொடி ஒன்று தொங்கும். படத்தில் அந்த இடங்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும். வரிசைப்படி எல்லாக் கொடிகளையும் கண்டு, கண்டதற்கு அடையாளம் பதித்துக்கொண்டு, முதலில் திரும்பி வருகிறவன் ஜெயித்தான். எந்த வழியாகப் போவது என்பது அவன் பாடு. குன்றின்மேல் ஏறிக் குறுக்கே விழுவதா, சுற்றிக்கொண்டு சமதரையில் ஓடுவதா? கால் மட்டும் வேகமாக இருப்பவன் பல சமயம் தோற்றுப்போகிறான்.

பிறந்தது பட்டாளத்தில். 1886-லேயே ஸ்வீடன் நாட்டு ராணுவப் பள்ளியில் இந்தச் சொல் வழங்கியதாகத் தெரிகிறது. சாதாரண ஜனங்களுக்கென்று முதல் பந்தயம் நடந்தது 1897 அக்டோபர் 31-ஆம் தேதி, நார்வேயின் தலைநகருக்கு அருகே. ட்யால்வே என்ற விளையாட்டுச் சங்கம் அதை நடத்திற்று. பத்தொன்பதரை கிலோமீட்டர் தூரம். நடுவில் மூன்றே மூன்று அடையாள இடங்கள். பேடர் ஃபோஸும் என்பவர் 1 மணி 47 நிமிஷம் 7 விநாடியில் வந்து ஜெயித்தார். அந்த ஏழு விநாடியைக்கூட விடாமல் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதை ஊர் விளையாட்டாக ஆக்கியவர் ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற மேஜர். சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டவர். வாலிபர்களுக்கு மைதானத்து ஓட்டத்தில் ருசி குறைந்துகொண்டு வருவதை அவர் கண்டார். ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதில் என்ன இருக்கிறது? ஊரைச் சுற்றிக் காடு சும்மா கிடக்கிறது. 1919 மார்ச் 25-ஆம் தேதி ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே அவர் வைத்த பந்தயத்துக்கு இருநூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள். 1925-ல் கோதன்பர்கில் பெண்களுக்கென்று ஒரு பந்தயம் நடந்தது. 1934-க்குள் ஸ்வீடனில் இரண்டரை லட்சம் பேர் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்களாம். 1930-களின் ஆரம்பத்தில் ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்களும் டில்லாண்டர் என்பவரும் சேர்ந்து, கண்ணாடி போன்ற தகட்டில் பதித்த காம்பஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். படத்தின்மேல் வைத்துத் திருப்பினால் போதும், கணக்குப் போடத் தெரியாத பிள்ளையும் திசை எடுத்துவிடலாம்.

அப்புறம் சர்வதேச சம்மேளனம் 1961-ல், உலகப் போட்டி 1966-ல் என்று எல்லா விளையாட்டுக்கும் உள்ள வழக்கமான சரித்திரந்தான். அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்றே ஒன்று. 1961 மே மாதம் கோபன்ஹேகனில் கூடிய பத்து நாடுகளில் இரண்டு ஜெர்மனிகளும் இருந்தன. மூன்றே மாதத்தில் பெர்லினில் சுவர் எழும்பிற்று.

என்னைக் கவர்ந்தவை அந்த ஊர்களில் இருக்கிற சின்னச் சின்னச் சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் படம் வரைகிற ஒருவர் இருப்பார். கோடைக்காலம் பூராவும் அவர் ஒரே காட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சர்க்கார் படத்தில் இல்லாத பாறை, குழி, வேலி, தனி மரம் ஒவ்வொன்றையும் குறிப்பார். அந்தப் படத்தில் வெள்ளையாக விட்ட இடம் வெட்டவெளி அல்ல, தாராளமாக ஓடக்கூடிய காடு. மஞ்சள்தான் திறந்த வெளி. பச்சை அடர அடரப் புதர் அடர்கிறது என்று அர்த்தம். இன்னொருவர் கொடி வைக்கிற இடங்களைத் தீர்மானிப்பார். கஷ்டப்படுத்த வேண்டும், ஆனால் ஏமாற்றக்கூடாது. அந்த நிதானம் எல்லாருக்கும் வராது. கதை எழுதுகிறவர்கள் அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் போய்விடக்கூடாது என்று ஓரிரு நிமிஷ இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புகிறார்கள். வழி கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒருவன் காலை முறித்துக்கொண்டு கிடந்தால், கண்டவன் தன் பந்தயத்தை விட்டுவிட்டு அவனுக்கு உதவியே ஆகவேண்டும். அதுவும் எழுதிவைத்த விதி. பாதியில் விட்டவனும் கடைசியில் வந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்று கணக்கு நேராகும்வரை சங்கத்துக்காரர்கள் இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். எண்பது வயதுக் கிழவிக்குத் தனி வகுப்பு உண்டு. பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கு மரத்துக்கு மரம் நூல் கட்டி விடுகிறார்கள். நூலைப் பிடித்துக்கொண்டே அது காட்டுக்குள் போய்த் திரும்புகிறது. முன்னாளில் வந்தவர்களின் அட்டைகளை நேரப்படி ஒரு கொடியில், துணி உலர்த்துகிற மாதிரி, தொங்கவிடுவார்களாம். இப்போது எல்லாம் மின்சாரச் சில்லு. ஆனால் அதற்குப் பிறகு நடப்பது மாறவில்லை. ஆளுக்கொரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தச் சேற்றில் நான் பதினைந்து நிமிஷம் தொலைத்தேன்" என்று பேச ஆரம்பிப்பார்கள். காட்டில் வாயைத் திறக்காதவர்கள் அத்தனை பேரும் கரையேறியதும் பேசித் தீர்க்கிறார்கள்.

ஃபின்லாந்தில் 1949 முதல் யூகோலா என்று ஒரு தொடர் ஓட்டம் நடக்கிறது. ஜூன் மாதத்தில், இரவு பதினோரு மணிக்குத் தொடங்கும். ஒரு கட்சிக்கு ஏழு பேர். ஏன் ஏழு என்றால், அது ஒரு நாவல் செய்த வேலை! அலெக்சிஸ் கிவி 1870-ல் எழுதிய ‘ஏழு சகோதரர்கள்’ கதையில் வருகிற வீட்டின் பெயர்தான் யூகோலா. எழுத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி அடித்ததைப் பொறுக்காமல் காட்டுக்கு ஓடிப்போகிறவர்கள் அந்தச் சகோதரர்கள். இன்றைக்கு அவர்கள் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள், படிக்கத் தெரிந்தால்தான் பிழைக்க முடியும் என்கிற பந்தயத்தை விடியவிடிய ஓடுகிறார்கள். 1978-ல் பெண்கள் ஓட்டம் சேர்ந்தபோது, அந்தச் சகோதரர்கள் மனத்தைப் பறிகொடுத்த வென்லாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். கிவியின் புஸ்தகத்தைப் பண்டிதர்கள் கிழித்தெறிந்தார்கள். 1872-ல் அந்த மனிதர் வறுமையிலேயே போய்ச் சேர்ந்தார். நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய ஞாபகச் சின்னம் எந்தத் தேசத்திலாவது உண்டோ?

சிநேகிதரின் பையன் அப்போது ஒரு கேள்வி கேட்டான். "நம்ம பக்கம் இல்லாத மலையா, காடா? இங்கே ஏன் சார் இது ஊருக்கு ஊர் வரவில்லை?"

படக்கலை நமக்குப் புதிதல்ல. 1794-லேயே சென்னையில் நில அளவைப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். அதுதான் வளர்ந்து கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி ஆயிற்று. 1802 ஏப்ரலில் லாம்ப்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளந்த கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் அளக்கும் வேலை ஆரம்பித்தது. அரை டன் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் கயிறு கட்டி ஏற்றப்போய், 1808-ல் அது மோதி உடைந்த கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். மலை உச்சிகளில் அடையாளக் கொடி பிடித்து நின்றவர்களும், கருவியைத் தூக்கியவர்களும், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்களும் நம் ஜனங்கள். 1816 முதல் 1820 வரை வார்டும் கானரும் நம் மேற்கு மலைக்கு அந்தண்டை திருவாங்கூரை அளந்தார்கள். கொடி நாட்டினார்கள், படம் வரைந்தார்கள், படம் கச்சேரிக்குப் போயிற்று. மலையில் இருந்தவன் அதைப் பார்த்ததே இல்லை.

நான் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது படம் படிக்கிற வகுப்பு உண்டு. வாத்தியார் நாலு பேருக்கு ஒரு படம் என்று கொடுப்பார். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவார். படத்திலிருந்த ஊர் எதுவும் எங்கள் ஊர் அல்ல. ஒருமுறை நான், "நம்ம ஊர்ப் படம் இருக்கா, சார்?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்குடா அது?" என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். கடற்கரைக்கும் எல்லைக்கும் ஐம்பது மைலுக்கு உட்பட்ட நிலத்தின் விவரப் படங்களைப் பொதுஜனங்களுக்குக் கொடுப்பதில்லை என்று வெகு காலம் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்குக்குக் கடல் எட்டாத தூரந்தான். ஆனாலும் படம் என்றால் சர்க்கார் சொத்து என்ற பயம் எல்லா அலமாரிக்கும் பரவியிருந்தது.

காடும் அப்படியே. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்து, காடு ரிசர்வ் ஆயிற்று. ஸ்வீடனில் பிறர் காட்டிலும் யாரும் நடந்து போகலாம், வீட்டையும் பயிரையும் அண்டாமல் போனால் சரி என்பது பழைய வழக்கம். இங்கே ஆடு மேய்க்கப் போனவனுக்கே அபராதம். அதற்கு நியாயமும் இல்லாமலில்லை. நம் காட்டில் யானை இருக்கிறது. மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகத்தில் சேர்ந்தும்விட்டது. அங்கே கொடி கட்டி ஓடச் சொல்ல எனக்குப் பைத்தியமா?

ஆனால் குரங்கணியை நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிவந்த பட்டணத்து வாலிபர்களையும் பெண்களையும் காட்டுத்தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். புகையைக் கண்டதும் முதலில் ஏறி ஓடியவர்களில் மலைக் கிராமத்து ஜனங்கள் இருந்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அவை வேண்டியவைதான். தீ எப்படிப் போகும், எந்தப் பள்ளத்தில் இறங்கக்கூடாது என்பதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிற அறிவல்ல. நாலு வயதில் நூலைப் பிடித்துக்கொண்டு போனவனுக்கு வரலாம். ஆட்டின் பின்னால் போனவனுக்கு வந்திருக்கிறது. நடுவில் இருக்கிற நமக்கு அதைக் கற்றுக்கொள்ள இடம் எது? அனுமதிச் சீட்டு வாங்கி, வழிகாட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் நடந்துவிட்டு வருவதற்குத்தான் நமக்கு வழி இருக்கிறது. எங்கே நிற்கிறோம் என்று நம்மை யாரும் கேட்பதில்லை, நாமும் கேட்டுக்கொள்வதில்லை.

படத்தின் பூட்டு ஒருவாறு திறந்துவிட்டது. 2017-ல் சர்வே ஆப் இந்தியா தன் படங்களை இன்டர்நெட்டில் இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டது. 2021 பிப்ரவரியில் கட்டுப்பாடுகள் இன்னும் தளர்ந்தன. இதைச் சொன்னதும் பையன் எழுந்து போனான். காப்பி குடித்துவிட்டு நாங்கள் வேறு பேச்சில் இறங்கிவிட்டோம். திராட்சைக்கு விலை இல்லை, மருந்துக் கடைக்காரன் மட்டும் வீடு கட்டுகிறான் என்கிற பேச்சு. அரைமணி கழித்து, நாலு தாளாக அச்சடித்து ஒட்டிய படம் ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்தான்.

சிநேகிதர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஊர் இருந்தது. கரடு, வளைந்து வளைந்து ஓடிய பழுப்புக் கோடுகளாக இருந்தது. ஓடை மெல்லிய கோடாக வந்தது.

"ஒத்தப் புளி எங்கேடா?"

"அது இதில் இல்லைப்பா. ஒரு சென்டிமீட்டர் என்றால் அரைக் கிலோமீட்டர். மரமெல்லாம் தெரியாது."

"எங்க தாத்தா காலத்து மரம் அது" என்றார் அவர், படத்தையே சந்தேகமாகப் பார்த்து.

பையன் உள்ளே போய்ப் பென்சில் கொண்டுவந்தான். ஓடை வளைகிற இடத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

"இன்னும் கொஞ்சம் மேற்க வை" என்றார் அப்பா.