சிவந்த மூத்திரமும் ஒரு கேள்வித்தாளும்

நைல் நதிக்கரை ஊர்களில் ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூத்திரம் சிவப்பாகப் போனால் வீட்டில் யாரும் பெரிதாகப் பதறமாட்டார்கள். பெண்பிள்ளை வயதுக்கு வருவதுபோல ஆண்பிள்ளைக்கு இது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஊரில் பாதிப் பையன்களுக்கு வருகிற ஒன்றை நோய் என்று யார் சொல்வது?

சொன்னவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர். 1851இல் கெய்ரோவின் காஸ்ர் எல் ஐனி மருத்துவமனையில் பிணப் பரிசோதனை செய்தபோது ரத்தக்குழாய்க்குள் புழுக்கள் இருப்பதைப் பார்த்தார். அவர் பெயரால் பில்ஹார்சியா என்று அழைக்கப்பட்ட நோயின் இன்றைய பெயர் ஷிஸ்டோசோமியாசிஸ். 1910இல் மார்க் ஆர்மண்ட் ரூஃபர் சுமார் 3000 ஆண்டுப் பழமையான மம்மிகளின் சிறுநீரகங்களில் இதே புழுவின் முட்டைகளைக் கண்டார். 1915இல் எகிப்துக்கு வந்த ராபர்ட் லைப்பர், நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து வெளியே நீந்திவரும் குஞ்சுகள்தான் மனிதத் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன என்று காட்டினார். வாய்க்காலில் விழுந்து கிடக்கிற பிள்ளைகளுக்கு ஏன் அதிகம் வருகிறது என்பது அப்போது புரிந்தது.

சரி, எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூத்திரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நுனியில் ஒரு முள்ளோடு இருக்கும் முட்டையைத் தேட வேண்டும். பின்னாளில் 10 மில்லியை வடிகட்டி எண்ணுவது வழக்கமானது. 50 முட்டையோ அதற்கு மேலோ இருந்தால் கடுமையான தொற்று. முட்டையைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. பார்க்காவிட்டால்? அங்கேதான் சிக்கல். முட்டை நண்பகலை ஒட்டித்தான் அதிகம் வெளியேறும். இன்று வருகிற அளவு நாளை வராது. குடலைப் பற்றும் இன்னொரு வகைக்கு மலத்தைப் பார்க்கும் கேட்டோ-கேட்ஸ் முறை இருக்கிறது. ஜப்பானில் 1954இல் தொடங்கி, பிரேசிலில் 1972இல் இன்றைய வடிவம் பெற்றது. ஒரு ஸ்லைடில் 41.7 மில்லிகிராம் மலம். எண்ணிய முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு. அந்தச் சின்ன உருண்டையில் முட்டை சிக்காவிட்டால் பிள்ளைக்கு நோய் இல்லை என்று எழுதிவிடுவார்கள். லேசான தொற்றுகள் நிறைய இப்படித் தப்பிப் போகும்.

இவ்வளவு தவறவிடுகிற முறையை ஏன் இத்தனை காலம் கட்டிக்கொண்டு அழுதார்கள்? மருந்தைப் பார்த்தால் புரியும். 1918இல் கார்டூமில் கிறிஸ்டோபர்சன் அறிமுகப்படுத்திய டார்டர் எமெட்டிக் ஆண்டிமனி கலந்தது. வாரக்கணக்கில் நரம்பில் ஊசி, வாந்தி, இதயத்துக்கும் ஆபத்து. நோயில்லாத பிள்ளைக்கு அதைப் போடலாமா? முட்டையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருந்தது. அப்படியும் எகிப்தில் கொடுமை நடந்தது. 1950களிலிருந்து பெருந்திரளாகப் போட்ட ஊசிகளில் ஒரே சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் சி ஊர் ஊராகப் பரவியது.

1970களில் பிராசிகுவாண்டல் மாத்திரை வந்ததும் தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஒரே வேளை மருந்து. பிள்ளையை ஒரு கம்பின் பக்கத்தில் நிறுத்தி, உயரத்தை வைத்தே எத்தனை மாத்திரை என்று சொல்லிவிடலாம். இப்போது நோயில்லாத பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் நஷ்டம் கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் வயிற்றுவலி. நோயுள்ள பிள்ளையை விட்டுவிட்டால் சிறுநீர்ப்பை கெட்டுப்போகும். நல்ல பரிசோதனை எது என்ற கேள்விக்கே அர்த்தம் மாறிவிட்டது.

தான்சானியாவின் கிலோசா மாவட்டத்தில் நடந்த சோதனையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் கல்வித்துறை வழியாகவே பள்ளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். முடிவுகள் 1991இல் வெளிவந்தன. வாத்தியார் பிள்ளைகளிடம் காய்ச்சல், இருமல் என்று பல நோய்களைக் கேட்பார். நடுவில் 'கிச்சோச்சோ' இருந்ததா என்றும் கேட்பார். பில்ஹார்சியாவுக்கு ஸ்வாஹிலிப் பெயர் அது. எதைத் தேடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் பதிலை வளைக்கவில்லை. மூத்திரத்தில் ரத்தத்தைக் காட்டும் தாள்பட்டையோடு ஒப்பிட்டபோது, நோய் மிகுந்த பள்ளிகளைப் பிள்ளைகளின் பதில்களே அடையாளம் காட்டிவிட்டன, மிகக் குறைந்த செலவில். பிறகு பல ஆப்பிரிக்க நாடுகளிலும் இதைச் செய்து பார்த்தார்கள்.

பலவீனமும் உண்டு. கேள்வித்தாள் பள்ளியைக் காட்டும், தனிப் பிள்ளையைக் காட்டாது. பெண்பிள்ளைகள் கூச்சத்தில் சொல்லாமல் இருப்பார்கள். மாதவிடாய் ரத்தம் தாள்பட்டையையும் ஏமாற்றும். பள்ளிக்கே வராத பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

பல இடங்களில் மாத்திரை வேலை செய்து தொற்று குறைந்திருக்கிறது. அதனாலேயே முட்டை கண்ணில் படுவது இன்னும் அரிதாகிறது. குடல் வகைக்கு, புழு விடும் ஆன்டிஜெனை மூத்திரத்தில் பிடிக்கும் சிசிஏ பட்டை வந்திருக்கிறது. அதில் மங்கலாக ஒரு கோடு விழுந்தால் நோய் உண்டா இல்லையா என்று ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், 10 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று உள்ள இடங்களில் 2 வயதுப் பிள்ளையிலிருந்தே ஆண்டுதோறும் மருந்து கொடுக்கச் சொன்னது. அந்த 10 சதவீதத்தை எந்தப் பரிசோதனையால் அளப்பது? முட்டையை எண்ணினால் 9 என்று வருகிற ஊர், பட்டையைப் பார்த்தால் எல்லையைத் தாண்டிவிடலாம். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், வாய்க்காலும் அதேதான். மாத்திரை வருமா வராதா என்பது மட்டும் மாறுகிறது.